கறுப்புக் காய்களுடன் தாக்கி ஆட: எந்த ஓப்பனிங், எந்த வரிசையில் படிப்பது

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் 1500ஐ ஒட்டி இருக்கும் ஒருவருக்கு வெள்ளைக் காய்கள் கிடைத்தால் தாக்கி ஆட முடிகிறது. கறுப்பு கிடைத்தாலோ, எதிராளியின் திட்டத்துக்குப் பதில் சொல்வதிலேயே ஆட்டம் முழுவதும் கழிந்துவிடுகிறது. கறுப்புக்கென ஆக்ரோஷமான ஓப்பனிங் தொகுப்பு ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, காம்பிட்களை, அதாவது தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங்குகளை, படித்தால் போதுமா, எவ்வளவு தூரம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்கிறார். பதிலில் பலகையின் நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றே குறிப்பிடுகிறேன். சிப்பாய் நகர்ந்தால் கட்டத்தின் பெயர் மட்டும் வரும். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.

காம்பிட்களைக் கொண்டு ஒரு தொகுப்பைக் கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெள்ளை எப்போதும் ஒரு நகர்த்தல் முன்னால் இருக்கிறது. நிலை சமச்சீராக இருக்கும்வரை அந்த ஒரு நகர்த்தலின் பலன் வெள்ளைக்கே போகும். இரு தரப்பின் சிப்பாய் அமைப்பும் வேறு வேறு திசையில் பிரியும்போதுதான் கறுப்புக்கென்று ஒரு சொந்தத் திட்டம், வெள்ளையால் எளிதில் பறிக்க முடியாத ஒரு திட்டம், உருவாகிறது. ஆகவே கறுப்பின் தாக்குதல் என்பது ஐந்தாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு எதிராளி தடுமாறுவதற்காகக் காத்திருப்பது அல்ல. இருபதாவது நகர்த்தலில் தாக்குவதற்கான காரணம் சிப்பாய்களின் அமைப்பிலேயே இருக்கும்படி முதல் எட்டு நகர்த்தல்களைத் தேர்ந்தெடுப்பதுதான்.

இணையத்தில் இப்போது பரவலாக ஆடப்படும் ஸ்டாஃபர்ட் காம்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. குதிரை இ5 சிப்பாயை வெட்ட, கறுப்பு 3... குதிரை சி6 என்று ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்கிறது. குதிரைகளை வெட்டிக்கொண்ட பிறகு வெள்ளை டி3, பிஷப் இ2, சி3 என்று அடக்கமாக ஆடினாலே போதும், கறுப்பிடம் அந்தச் சிப்பாய்க்கு ஈடாக எதுவும் மிஞ்சாது. இங்லண்ட் காம்பிட்டிலும் இதே கதைதான்: 1. டி4 இ5 2. சிப்பாய் வெட்டு குதிரை சி6 3. குதிரை எஃப்3 ராணி இ7 4. பிஷப் எஃப்4 ராணி பி4 செக் 5. பிஷப் டி2 ராணி பி2 சிப்பாயை வெட்டிய இடத்தில், 6. பிஷப் சி3 ஆடினால் வெள்ளை வலையில் விழும், 6. குதிரை சி3 ஆடினால் கறுப்புக்குத்தான் சிக்கல். ஐந்து நிமிட ஆட்டத்தில் இவை வெற்றிகளைக் கொண்டுவரும். அந்தக் கண்ணியை அறிந்த எதிராளி போட்டியில் எதிரே உட்காரும்போது உங்களிடம் மாற்றுத் திட்டம் ஏதும் இருக்காது. ஆல்பின் கவுன்டர் காம்பிட்டில் கறுப்புச் சிப்பாய் ஏழாவது நகர்த்தலிலேயே ஜி1 கட்டத்தில் ராணியாக அல்லாமல் குதிரையாக மாறிச் செக் வைக்கும் லாஸ்கர் கண்ணி சதுரங்கத்தின் மிக அழகான கண்ணிகளில் ஒன்று, அதை ரசிக்கலாம். ஆனால் அது வாய்ப்பதற்கு வெள்ளை 4. இ3 என்று ஆட வேண்டும், விஷயம் தெரிந்தவர் 4. குதிரை எஃப்3 ஆடிவிட்டுப் போய்விடுவார். பென்கோ காம்பிட் இவற்றிலிருந்து வேறுபட்டது, உறுதியானது. ஆனால் அதன் பலன் ராஜாவைத் தாக்குவதில் இல்லை. ஏ, பி நெடுவரிசைகளில் இறுதியாட்டம் வரை தொடரும் அழுத்தத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் தேடுவது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

கறுப்பின் உண்மையான ஆக்ரோஷம் எப்படியிருக்கும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு பான் நகரில் ஆனந்த், கிராம்னிக்கை எதிர்த்து ஆடிய உலகச் சாம்பியன் போட்டியைவிட நல்ல பாடம் நமக்கு வேண்டியதில்லை. மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்கள் இரண்டையும் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் வென்றார். இரண்டிலும் செமி ஸ்லாவ் தற்காப்பின் மெரான் வேரியேஷன். இரண்டிலும் ஜி சிப்பாய் எஃப்6க்கு வந்து, ஜி நெடுவரிசை திறந்து, கறுப்பின் பிஷப் பி7இலிருந்தும் யானை ஜி நெடுவரிசையிலிருந்தும் வெள்ளை ராஜாவின் வாசலைப் பார்த்தன. ஆனந்தின் சொந்த ராஜா மையத்திலேயே நின்றது. செமி ஸ்லாவை யாரும் வெறித்தனமான ஓப்பனிங் என்று சொல்வதில்லை. அது உறுதியான, பழமையான அமைப்பு. தாக்குதல் எங்கிருந்து வந்தது என்றால், இரு தரப்பின் அமைப்பும் மாறுபட்டுப்போன அந்த ஒரு கிளையை ஆழமாகத் தயாரித்து வைத்திருந்ததிலிருந்து வந்தது. 2013ஆம் ஆண்டு வேக் ஆன் ஜேயில் ஆரோனியனை அவர் கறுப்புடன் 23 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டமும் இதே செமி ஸ்லாவ் குடும்பம்தான்.

இருந்தாலும் 1500 அளவில் இருப்பவருக்கு மெரானை நான் முதலில் சொல்லமாட்டேன். அங்கே ஒரு நகர்த்தல் மறந்தாலும் திரும்பிவர வழியிருக்காது. டி4க்கு எதிராகக் கிங்ஸ் இந்தியனையும், இ4க்கு எதிராகச் சிசிலியன் டிராகனையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். இரண்டிலும் ராஜா ஜி8இல், பிஷப் ஜி7இல், குதிரை எஃப்6இல், சிப்பாய்கள் டி6இலும் ஜி6இலும் நிற்கும். அதனால் ஜி7 பிஷப்பின் மதிப்பு, அதை வெள்ளை எச்6இல் வந்து வெட்டிக்கொள்ள முயலும் திட்டம், எஃப்6 குதிரையை எப்போது நகர்த்துவது போன்றவற்றை ஒன்றில் கற்றால் மற்றொன்றிலும் பயன்படும். தாக்கும் திசை மட்டும் வேறு: கிங்ஸ் இந்தியனில் ராஜா பக்கம், டிராகனில் சி நெடுவரிசை வழியாக ராணி பக்கம்.

கிங்ஸ் இந்தியனின் மைய வழி இப்படிப் போகும்: 1. டி4 குதிரை எஃப்6 2. சி4 ஜி6 3. குதிரை சி3 பிஷப் ஜி7 4. இ4 டி6 5. குதிரை எஃப்3 காஸ்லிங் 6. பிஷப் இ2 இ5 7. காஸ்லிங் குதிரை சி6 8. டி5 குதிரை இ7. இத்துடன் மையம் பூட்டிக்கொள்கிறது. இப்போது சிப்பாய்களை மட்டும் பாருங்கள். கறுப்பின் சங்கிலி சி7, டி6, இ5 என்று வெள்ளை ராஜாவை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே அந்தச் சங்கிலியின் அடுத்த வளையம் எஃப்5, பிறகு எஃப்4. வெள்ளையின் சங்கிலி மறுபுறம் சாய்ந்திருக்கிறது. ஆகவே அதன் வேலை சி5 தள்ளி, சி நெடுவரிசையைத் திறந்து, குதிரையைப் பி5 வழியாகச் சி7க்குள் நுழைப்பது. மையம் பூட்டியிருப்பதால் இருவரும் தங்கள் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்களைக்கூடத் துணிந்து தள்ளலாம். 9. குதிரை இ1 குதிரை டி7 10. பிஷப் இ3 எஃப்5 11. எஃப்3 எஃப்4 12. பிஷப் எஃப்2 ஜி5 என்று வந்த பிறகு கறுப்பின் திட்டத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: டி7 குதிரை எஃப்6க்குத் திரும்பும், இ7 குதிரை ஜி6க்கு வரும், யானை எஃப்7க்கு ஏறும், பிஷப் எஃப்8க்குப் பின்வாங்கி டி6 சிப்பாயைக் காக்கும், யானை ஜி7க்கு நகரும், எச்5 தள்ளி ஜி4 உடைக்கும். 1953இல் மார் டெல் பிளாட்டாவில் நஜ்டார்ஃபைக் கிளிகோரிச் கறுப்புடன் வென்ற ஆட்டத்திலிருந்து இந்த முழு வேரியேஷனுக்கும் அந்த நகரத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த அமைப்பை உள்ளத்தில் பதிக்க வேண்டுமானால் 1989இல் தில்பர்க்கில் பிகெட்டை எதிர்த்துக் காஸ்பரோவ் கறுப்புடன் ஆடிய ஆட்டத்தைக் குறைந்தது பத்து முறை ஆடிப் பாருங்கள். வெள்ளைக் குதிரை சி7க்குள் நுழைந்து ஏ8 யானையை மிரட்டுகிறது. காஸ்பரோவ் யானையை நகர்த்தாமல் ஜி3 தள்ளுகிறார். வெள்ளை யானையை வெட்டுகிறது. அவர் குதிரையை எச்5க்குக் கொண்டுவருகிறார். இறுதியில் அவருடைய குதிரை ஜி3இலிருந்து எச்1க்குத் தாவுகிறது, வெள்ளை தோல்வியை ஒப்புக்கொள்கிறது. கறுப்பின் வெள்ளைக் கட்ட பிஷப்பையும் கவனியுங்கள். ஆட்டத்தின் பெரும்பகுதியில் ஒரு வேலையும் இல்லாதது போல அது முதல் வரிசையிலும் இரண்டாவது வரிசையிலும் நிற்கும். ஆனால் எச்3இல் பலி கொடுக்க வேறு காய் கிடையாது என்பதால், மார் டெல் பிளாட்டா அமைப்பில் அதை ஒரு குதிரைக்காக மாற்றிக்கொள்வது பெரும்பாலும் பாதித் தாக்குதலைக் கைவிடுவதற்குச் சமம். 1960ஆம் ஆண்டு லைப்ஜிக் ஒலிம்பியாட்டில் ஃபிஷர், லெடெலியருக்கு எதிராக எஃப்4இல் ராணியைக் கொடுத்து முடித்த ஆட்டத்தையும், 2010இல் புர்சாவில் நகமுரா, கெல்ஃபாண்டை வென்ற ஆட்டத்தையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின், அதாவது நிலையை மதிப்பிடும் சதுரங்கக் கணினி நிரல், இந்த நிலைகளில் பெரும்பாலும் வெள்ளைக்கே அனுகூலம் காட்டும். அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். ராணி பக்கம் ஒரு சிப்பாயை வெல்பவருக்கு ஆட்டம் இன்னும் மீதியிருக்கிறது. ராஜா பக்கம் ஒரு நகர்த்தலைத் தவறவிடுபவருக்கு ஆட்டமே முடிந்துவிடுகிறது. உங்கள் அளவில் ஆடும் மனிதர்களிடையே இந்த வேறுபாடு இன்ஜின் காட்டும் அரைச் சிப்பாயைவிடப் பெரிது. மறுபுறம், தெரிந்திருக்க வேண்டிய தடைகளும் உண்டு. 9. பி4 என்ற பேயோனெட் தாக்குதலைக் கிராம்னிக் தொண்ணூறுகளில் பெரும் ஆயுதமாக்கினார், அதற்கு 9... குதிரை எச்5 என்று எஃப்4 கட்டத்தைக் குறிவைக்கும் பதிலைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரா போதும் என்று நினைக்கும் எதிராளி 7. சிப்பாய் இ5 வெட்டி, ராணிகளையும் டி8இல் மாற்றிவிடுவார். அங்கே மனம் தளரத் தேவையில்லை. கறுப்பு யானையால் டி8இல் வெட்டிய பிறகு வெள்ளை ஆசைப்பட்டு 9. குதிரை இ5 சிப்பாயை எடுத்தால் 9... குதிரை இ4 சிப்பாயை வெட்டும், ஜி7 பிஷப் திறந்துகொள்ளும். எடுக்காவிட்டால் டி4 கட்டம் நிரந்தரமாகக் கறுப்பின் குதிரைக்குக் கிடைக்கும் இறுதியாட்டம் அது. இந்த இறுதியாட்டத்தில் வெல்லக் கற்றுக்கொள்பவரிடம் அடுத்த முறை யாரும் அந்த வழியை எடுக்கமாட்டார்கள்.

டிராகனின் மைய நிலை 1. இ4 சி5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 சிப்பாய் வெட்டு 4. குதிரை டி4இல் வெட்டு குதிரை எஃப்6 5. குதிரை சி3 ஜி6. வெள்ளையின் கடுமையான பதில் யூகோஸ்லாவ் தாக்குதல்: 6. பிஷப் இ3 பிஷப் ஜி7 7. எஃப்3 காஸ்லிங் 8. ராணி டி2 குதிரை சி6. இங்கே வெள்ளை ராணி பக்கம் காஸ்லிங் செய்து, எச்4, எச்5 என்று உடைத்து, பிஷப்பை எச்6க்குக் கொண்டுவந்து உங்கள் ராஜாவைத் தேடும். 1958இல் போர்ட்டோரோஷில் ஃபிஷர் லார்சனை இப்படித்தான் வென்றார். 1974இல் மாஸ்கோவில் கார்போவ் கோர்ச்னோயை 27 நகர்த்தல்களில் வென்றதும் இதே வழிதான். இந்த இரண்டு தோல்விகளையும் முதலில் பாருங்கள், ஏனென்றால் டிராகனில் கறுப்பு ஏன் ஒரு நகர்த்தலைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் தெரியும். அதன்பின் 1995ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஆனந்தை எதிர்த்து உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவ் ஆடிய பதினோராவது, பதின்மூன்றாவது ஆட்டங்களைப் பாருங்கள். அதுவரை போட்டியில் வராத டிராகனைத் திடீரென்று எடுத்து இரண்டையும் கறுப்புடன் வென்றார். ஆனந்தைப் போன்ற ஒருவரையே அந்த ஓப்பனிங் தடுமாற வைத்தது என்றால், உங்கள் மாவட்டப் போட்டியில் எதிரே இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஒன்பதாவது நகர்த்தலில் வெள்ளைக்கு இரண்டு முக்கிய வழிகள். 9. பிஷப் சி4 வந்தால் பிஷப் டி7, யானை சி8, குதிரை இ5, தேவைப்படும்போது எச்5 என்று எச் சிப்பாயைத் தடுத்து நிறுத்துவது. குதிரை சி4க்குத் தாவும். யானை சி3 குதிரையை வெட்டி, அங்கே வெள்ளை ராஜாவின் சிப்பாய்களை உடைக்கும். யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்கும் இந்தப் பலி டிராகனின் உயிர்நாடி. அதைக் கணக்கிட்டுச் செய்வதைவிட, அது எப்போதும் தயாராக இருக்கிறது என்ற உணர்வோடு ஆடுவது முக்கியம். 9. ராணி பக்கக் காஸ்லிங் வந்தால் உடனே 9... டி5. அதன்பின் 10. சிப்பாய் வெட்டு குதிரை வெட்டு 11. குதிரை சி6இல் வெட்டு, சிப்பாய் வெட்டு 12. குதிரை டி5இல் வெட்டு, சிப்பாய் வெட்டு 13. ராணி டி5 சிப்பாயை எடுத்தால் 13... ராணி சி7 என்று ஆடுங்கள். ஏ8 யானையை ராணி எடுத்தால் பிஷப் எஃப்5க்கு வரும், சி2இல் மேட் மிரட்டல், வெள்ளை தன் ராணியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம்: 6. பிஷப் இ3க்கு உடனே 6... குதிரை ஜி4 என்று ஒருபோதும் ஆடக் கூடாது. 7. பிஷப் பி5 செக் வந்தால் எதைக் குறுக்கே வைத்தாலும் ஜி4 குதிரையோ ஏ8 யானையோ போய்விடும்.

நஜ்டார்ஃப் இதைவிட உறுதியானது என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். உயர்மட்டத்தில் டிராகன் இன்று அரிதாகவே ஆடப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் நஜ்டார்ஃபில் வெள்ளையின் ஆறாவது நகர்த்தலுக்கே பல பெரிய வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கறுப்பின் அமைப்பு மாறும்; டிராகனில் காய்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய மாறுவதில்லை. 2000 ரேட்டிங்கைத் தாண்டிய பிறகு மாற்றிக்கொள்ள விரும்பினால், முதல் நான்கு நகர்த்தல்கள் இரண்டிலும் ஒன்றே.

இவ்வளவும் சொன்னாலும், மேலே சொன்ன பெரும் போர்கள் உங்கள் பலகையில் அடிக்கடி வராது. நீங்கள் சிசிலியன் ஆடினால் எதிராளிகள் பெரும்பாலும் டி4 தள்ளி மையத்தைத் திறக்கமாட்டார்கள். டி4 ஆடுபவர்களில் பலர் சி4 தள்ளாமல், பிஷப்பை எஃப்4இல் வைக்கும் லண்டன் சிஸ்டம் ஆடுவார்கள். அதனால் படிக்கும் நேரத்தில் பாதியைக் கிளைவழிகளுக்கு ஒதுக்குங்கள். சிசிலியனில் 2. பிஷப் சி4 வந்தால் 2... இ6 ஆடி, டி5 தள்ளி அந்த பிஷப்பை விரட்டுங்கள். அலபின் எனப்படும் 2. சி3க்கு 2... குதிரை எஃப்6 3. இ5 குதிரை டி5. ஸ்மித் மோரா காம்பிட்டில் 2. டி4 சிப்பாய் வெட்டு 3. சி3 வரும்போது சிப்பாயை எடுக்காமல் 3... குதிரை எஃப்6 ஆடினால் அதே அலபின் நிலைக்கே வந்துவிடும், இரண்டையும் ஒரே படிப்பில் முடித்துவிடலாம். கிராண்ட் பிரீ தாக்குதலில் எஃப்4 வந்தால் ஜி6, பிஷப் ஜி7, இ6 அமைத்து, குதிரையை இ7க்கு வைத்து டி5 தள்ளுங்கள். 2. குதிரை எஃப்3 டி6க்குப் பிறகு வரும் 3. பிஷப் பி5 செக்குக்கு 3... பிஷப் டி7 போதும். அங்கே அமைதியாக ஆடச் சம்மதியுங்கள்.

லண்டன் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தாக்க விரும்பும் கறுப்பு ஆட்டக்காரர்கள் பொறுமை இழப்பது அங்கேதான். எஃப்4 பிஷப் இ5 கட்டத்தைப் பார்க்கிறது. எனவே அந்தக் கட்டத்தைக் கைப்பற்றுவதே உங்கள் திட்டம். ஜி6, பிஷப் ஜி7, டி6, காஸ்லிங், குதிரை டி7, ராணி இ8, பிறகு இ5. இ5 தள்ளியதும் வெள்ளை பிஷப் பின்வாங்க வேண்டும், உங்களுக்கு மையத்தில் இடமும் அடுத்து எஃப் சிப்பாயைத் தள்ளும் வாய்ப்பும் கிடைக்கும். வெள்ளை இ5ஐ இறுகப் பிடித்துக்கொண்டால் சி5 தள்ளி, ராணியைப் பி6க்குக் கொண்டுவந்து, பிஷப் வெளியேறியதால் காவலற்றுப்போன பி2 சிப்பாயைத் தாக்குங்கள்.

படிக்கும் முறையைப் பொறுத்தவரை, ஆட்டங்களை முதலிலும் நகர்த்தல் வரிசைகளைப் பிறகும் வையுங்கள். ஓர் அமைப்புக்கு எட்டுப் பத்து முன்மாதிரி ஆட்டங்களை இன்ஜின் இல்லாமல், பலகையில் காய் வைத்து ஆடிப் பார்த்து, கறுப்பு எந்தச் சிப்பாயை எப்போது தள்ளியது, எந்தக் காயை மாற்றிக்கொள்ள மறுத்தது என்று தமிழிலோ உங்களுக்கு எளிதான மொழியிலோ இரண்டு வரி எழுதி வையுங்கள். அதன்பின் லிச்செஸ் தளத்தின் ஸ்டடி பகுதியில் ஒவ்வொரு வழியையும் எட்டு முதல் பத்து நகர்த்தல் வரை மட்டும் பதியுங்கள். யூகோஸ்லாவ் தாக்குதல் ஒன்றை மட்டும் பதினைந்து வரை கொண்டுபோகலாம். பிறகு பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்ற கால அளவில் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கோப்பைத் திறந்து, இருவரில் யார் முதலில் வழி மாறினார் என்று பார்த்து, அந்த ஒரு நகர்த்தலுக்கான பதிலை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி வளரும் கோப்பு உங்கள் எதிராளிகள் உண்மையில் ஆடும் நகர்த்தல்களால் நிறைந்திருக்கும். கடையில் வாங்கும் எந்தப் பயிற்சித் தொகுப்பும் அதற்கு ஈடாகாது. தினமும் தந்திரப் புதிர்கள் போடுவதையும் நிறுத்திவிடாதீர்கள், எச்3இல் பிஷப்பைக் கொடுக்கும் நேரம் வரும்போது அதைக் கணக்கிட வேண்டியது நீங்கள்தான்.

கடைசியாக, நகர்த்தல் வரிசை. 1. குதிரை எஃப்3க்கு 1... ஜி6 ஆடாமல் 1... குதிரை எஃப்6 ஆடுங்கள். இல்லையென்றால் வெள்ளை இ4, டி4 இரண்டையும் தள்ளி உங்களை மாடர்ன் தற்காப்புக்குள் இழுத்துவிடும். 1. டி4 குதிரை எஃப்6 2. குதிரை சி3 வந்தால் ஜி6 வேண்டாம், அடுத்து இ4 வந்து பிர்க் ஆகிவிடும், அங்கே 2... டி5 ஆடி இ4ஐத் தடுங்கள். 1. சி4க்குக் குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங், டி6, இ5 என்று கிங்ஸ் இந்தியன் அமைப்பையே வையுங்கள். வெள்ளை டி4 தள்ளாமல் டி3 என்று நின்றுவிட்டால், எஃப்6 குதிரையை எச்5க்கோ இ8க்கோ ஒதுக்கி எஃப்5 தள்ளுங்கள். மையம் பூட்டாமலே ராஜா பக்கத் தாக்குதல் தொடங்கிவிடும்.